எண்ணூற்றைம்பது வாட்

"யார் அளந்தாங்க?"

அவரை நினைத்தால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். முகம் அப்புறம்தான் வரும். பால் பாக்கெட்டில் அரை லிட்டர் என்று அச்சடித்திருந்தால் கேட்பார். லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று தகடு அடித்திருந்தால் கேட்பார். கடைக்காரர் "இது ஒரு நம்பர் மால், முதல் தரம், மேடம்" என்றால் தலையை லேசாகச் சாய்த்து அதையே இந்தியிலோ மராத்தியிலோ கேட்பார். குரலில் கோபம் இருக்காது, கிண்டலும் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்பார். எதிரில் நிற்பவருக்கு எரிச்சல் வருவதே அதனால்தான்.

பெயர் எழுதப்போவதில்லை. புனேயில் கராடிப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில், நான்காம் மாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தார். தனியாக இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, என்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். அப்பா அந்தக் காலத்தில் பிம்ப்ரியில் ஆலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகள் பிறந்ததும் படித்ததும் கசார்வாடியில். அதனால் அவர் தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை வேறு ஊரிலிருந்து வரும். என் தமிழில் வரும் 'ங்க'வைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "என்ன கோயமுத்தூர்" என்பார். நான் அவரை மேடம் என்பேன்.

அவருடைய வேலை என்னவென்று எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆனது. தொழிற்சாலைகளில் அளக்கிற கருவிகள் இருக்கும் இல்லையா, வெப்பமானி, அழுத்தமானி, தராசு, இவையெல்லாம் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று போய்ப் பார்த்து, சரியென்றால் தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வர வேண்டும். சரியில்லை என்றால் ஒட்டக் கூடாது. கசார்வாடியில் இருந்த ஒரு சின்ன நிறுவனத்துக்காக ஸ்கூட்டரில் கறுப்புப் பையோடு ஆலை ஆலையாகப் போய்க்கொண்டிருந்தார். "மேனேஜர் டீ குடுப்பான், சமோசா குடுப்பான், சேர் தொடைச்சுப் போடுவான். எல்லாம் அந்த ஸ்டிக்கருக்குத்தான். டீயைக் குடிச்சிட்டு ஃபெயில்னு எழுதிட்டு வந்துடுவேன்" என்று ஒருமுறை சொன்னார். எத்தனை ஆலையில் அவருக்கு இரண்டாவது டீ கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. அந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் அன்றுதான் ஓய்வு. அன்று காலை பதினோரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும். நடுநடுவே "மார் ரே மார்!" என்று அவர் கத்துவதும் கேட்கும். குடிவந்த புதிதில் என் மனைவி பயந்தே போய்விட்டாள். பிறகுதான் தெரிந்தது, அவர் கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுகிறவர், அதுவும் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரில்.

எனக்கும் அந்த ஆசை உண்டு. கல்லூரி விடுதியில் விட்ட விளையாட்டை நாற்பது வயதில் திரும்பப் பிடிக்கலாம் என்று ஒரு போனஸில் பாகங்கள் வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டுக்கு அள்ளிக் கொடுத்தேன். மின்சாரம் கொடுக்கிற டப்பா, அதுதான் பவர் சப்ளை, கேபினட்டோடு இனாமாக வந்தது. அறுநூறு வாட் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. போதாதா? விளையாட்டு சூடுபிடித்து, திரையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓடிவரும்போது கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடும். பத்து நாள் அதைத் திட்டினேன். கார்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கியபோது அவர் பார்த்தார்.

"கார்டு போயிடுச்சா? யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. கேம் ஓடறப்ப அணைஞ்சு போகுது."

"ஃபேன் சத்தம் ஏறினதும் அணையுதா?"

"ஆமாங்க."

"கார்டு பாவம். வாங்க மேல."

என் வீட்டுக்கு வந்து, கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றி, அந்த டப்பாவை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், கத்தரிக்காய் வாங்குகிறவர்போல. பிறகு அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த பொடி எழுத்துத் தாளைப் படித்தார். தங்க எழுத்தை அவர் பார்க்கவேயில்லை.

"இங்க பாருங்க. உங்க கார்டும் ப்ராசஸரும் சாப்பிடறது பன்னெண்டு வோல்ட் லைன்ல. அந்த லைன்ல இது எவ்வளவு குடுக்கும்னு இங்க இருக்கு, இருபத்தஞ்சு ஆம்பியர். பன்னெண்டு இன்ட்டு இருபத்தஞ்சு?"

"முந்நூறு."

"மிச்ச முந்நூறு எங்க?"

நான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்.

"பெட்டி மேல இருக்கு" என்றார். "சும்மா இருக்கிறப்ப எல்லா டப்பாவும் அறுநூறுதான். லோடு வந்தாதான் தெரியும் எது முந்நூறுன்னு."

அன்றைக்கே என் மானம் போனது. ஆனால் இரண்டாம் பாதி இன்னும் மோசம். நான் வீராவேசமாக, அப்படியானால் ஆயிரம் வாட்டாக வாங்கிவிடுகிறேன் என்றேன். "ஆயிரம் கஷாலா, எதுக்கு? கல்யாண மண்டபமா நடத்தப்போறீங்க?" என்று கேட்டார். ஒரு தாளை எடுத்துக் கார்டுக்கு இருநூற்று இருபது, ப்ராசஸருக்கு நூற்று இருபது, மற்றதற்கெல்லாம் அறுபது என்று எழுதிக் கூட்டினார். நானூறு வந்தது. இந்தக் கார்டுகள் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் இரண்டு பங்கு இழுக்கும், அதைத் தாங்கக் கொஞ்சம் இடம் விட வேண்டும், மே மாத வெயிலுக்குக் கொஞ்சம் விட வேண்டும், நல்ல தயாரிப்பாக இருந்தால் அறுநூற்றைம்பது போதும், பின்னால் கார்டை மாற்றுகிற எண்ணம் இருந்தால் எழுநூற்றைம்பது, அதற்கு மேல் ஒரு வாட்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள் என்றார். எது நல்ல தயாரிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது? டப்பாவைத் திறந்து, முழு பாரம் கொடுத்து, அளந்து எழுதுகிறவர்கள் உலகத்தில் நாலைந்து பேர் இருக்கிறார்களாம். அவர்கள் எழுதுவதை மட்டும் படிக்க வேண்டுமாம். "கலர் லைட்டப் பத்தி பேசறவன் வந்தா வீடியோவ மூடிடுங்க" என்றார்.

எழுநூற்றைம்பது வாங்கினேன். அவரே வந்து பூட்டிக்கொடுத்தார். சுவருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே சொருகுகிற வெள்ளை மீட்டர் ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்கும். அதைச் சொருகி, மிகக் கடுமையான விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு கறுப்பு டேப்பில் வெள்ளை மையால் '410' என்று எழுதி கேபினட்டின் மேல் ஒட்டினார். அவர் வீட்டில் மிக்ஸி, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் மேலும் அப்படி ஒரு டேப் இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் டேப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பொய்' என்று எழுதியிருந்தது.

இப்படிப்பட்ட மனிதரோடு பழகுவது சுகம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. எங்கள் புது ஃப்ரிட்ஜை அவரிடம் காட்டி என் மனைவி பெருமைப்பட்டாள், ஐந்து நட்சத்திரம் ஒட்டியது. அவர் மீட்டரைச் சொருகி ஒரு நாள் முழுக்க விட்டு மறுநாள் வந்து பார்த்து, "மூணரைன்னு வெச்சுக்கலாம்" என்றார். ஒரு வாரம் என் மனைவி அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் முனகினாள். இன்னொரு நாள், ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளே அவரிடம் கேட்டுவிட்டாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "மூணு பேர் பார்க்க வந்தாங்க. அப்பாவுக்கு ரெண்டு வருஷம் டயாலிசிஸ், நான்தான் பார்த்துக்கணும்னு சொன்னேன். மூணும் ட்ரிப் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் மனைவி அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஃப்ரிட்ஜையும் மன்னித்துவிட்டாள்.

அந்த வருட மே மாதத்தில் எங்கள் பிளாக்கின் பொது மின்சாரம் அடிக்கடி போக ஆரம்பித்தது. லிஃப்ட், மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒரே லைன். சாயங்காலம் ஏழரை ஆனால் அந்த லைன் பட்டென்று விழும். லிஃப்டில் ஒரு பெரியவர் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டார். அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. செக்ரட்டரி பொறுப்பானவர், தீபாவளிக்கு வீடு வீடாக இனிப்பு கொடுப்பவர், காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பினார். கண்டுபிடித்தது வாசல் காவலாளியின் பார்சல் நோட்டில்.

எதிர்வீட்டு அம்மையார் தன் பழைய பவர் சப்ளைக்கு வயதாகிவிட்டதென்று புதிது வாங்கியிருந்தார். அட்டைப்பெட்டியில் 850W என்று என் உள்ளங்கை அளவு எழுத்தில் போட்டிருந்தது. காவலாளி பெட்டியில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதிவைத்தார். அவ்வளவுதான். எண்ணூற்றைம்பது வாட்டா! ஒரு ஃப்ரிட்ஜ் நூற்றைம்பது. அப்படியானால் அந்த வீட்டில் கிட்டத்தட்ட ஆறு ஃப்ரிட்ஜ் இராப்பகலாக ஓடுகிறது என்று செக்ரட்டரி கணக்குப் போட்டுக் குழுவில் எழுதினார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு எதற்கு ஆறு ஃப்ரிட்ஜ்? உடனே ஒருவர், அவள் கம்ப்யூட்டர் வைத்து இன்டர்நெட்டில் காசு உற்பத்தி செய்கிறாள் என்றார். இன்னொருவர், வியாழக்கிழமைகளில் வினோதமான சத்தம் கேட்கிறது என்றார். அதற்கு முப்பது பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அந்தக் குழுவில் கிடையாது. ஆகையால் அவருக்கு எதுவும் தெரியாது.

எனக்குத் தெரியும். எண்ணூற்றைம்பது என்பது அந்தப் பெட்டியால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது, எவ்வளவு இழுக்கிறது என்பது அல்ல. அவர் வீட்டு மின்சாரம் அவர் மீட்டர் வழியாகப் போகிறது, பொது லைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த முழு அடுக்ககத்திலும் இதைச் சந்தேகமில்லாமல் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் என் மேஜைக்கு அடியிலும் ஒரு எழுநூற்றைம்பது உட்கார்ந்திருந்தது. நான் குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லிஃப்டில் செக்ரட்டரி ஏறினார். கையில் ஒரு கடிதம். மஸ்கட்டில் இருக்கும் எதிர்வீட்டுச் சொந்தக்காரருக்கு: உங்கள் வாடகைதாரர் குடியிருப்பு வீட்டில் கனரக இயந்திரம் இயக்குகிறார், உடனே காலி செய்ய வைக்கவும். இரண்டாம் பக்கத்தில் ஆறு கையெழுத்து. "எல்லா ஓனரும் போடுகிறார்கள், நீங்களும் ஒன்று போட்டுவிடுங்கள்" என்று இந்தியில் சொல்லிப் பேனாவை நீட்டினார். லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியது. யோசித்துச் சொல்கிறேன் என்றால் நான்காம் மாடியில் அவரும் கூட இறங்குவார். எதிர்வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று பேச வேண்டியிருக்கும். லிஃப்ட் மூன்றைத் தாண்டியது. நான் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள்.

"ஏனுங்க, நம்ம டப்பா எழுநூத்தம்பதுன்னு அந்தாளுகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் திரும்ப மிக்ஸியைப் போட்டுவிட்டாள். அன்றைக்கு அந்தச் சட்னி அவ்வளவு நேரம் அரைபட வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லி அவருக்குச் செய்தி அனுப்பினார், கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் சேர்த்து. கையெழுத்துகள் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. அவர் நேராகச் செக்ரட்டரியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுங்கள், எல்லோர் முன்னாலும் அளந்து காட்டுகிறேன் என்றார். அப்பா போன பிறகு அவருக்கு இந்த நகரத்தில் இருந்த ஒரே இடம் அந்த வீடு. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இன்னொரு வீடு கிடைப்பது எப்படி என்று புனேயில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தில் பயம் இல்லை. சனிக்கிழமை என் கதவைத் தட்டி, "உங்க எக்ஸ்டென்ஷன் போர்டு நீளமா இருக்கும்ல, நாளைக்கு வேணும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறந்து சொல்லிவிட அது நல்ல தருணம். "வேற ஏதாவது வேணுங்களா?" என்று கேட்டேன்.

ஞாயிறு காலை வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தண்ணீர் கேன் ஏற்றுகிற தள்ளுவண்டியில் கம்ப்யூட்டரை வைத்து, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல் ஒரு போர்வையால் சுற்றி, அவரே தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு மேஜையில் வைத்து ஒயர்களைச் சொருக ஆரம்பித்தார். அதற்குள் செக்ரட்டரி கடிதத்தை முறைப்படி வாசித்தார். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் வீட்டு எண்களோடு வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதாக என் பெயர் வந்தபோது அவர் கையில் என் எக்ஸ்டென்ஷன் போர்டு இருந்தது. கை ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பிறகு ப்ளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார்.

துப்பாக்கிச் சத்தம் நிறுத்துமிடம் முழுக்க எதிரொலித்தது. பிள்ளைகளெல்லாம் திரையின் முன்னால் குவிந்துவிட்டார்கள். வெள்ளை மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போய் நானூற்று முப்பதில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள்.

"ஆனால் பெட்டியில் எண்ணூற்றைம்பது என்று இருக்கிறதே, மேடம்" என்றார் செக்ரட்டரி.

"ஐம்பது கிலோ பிடிக்கிற சாக்கு என்றால் எப்போதும் ஐம்பது கிலோ அரிசி இருக்குமா, பாவூ?" என்று மராத்தியில் கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "நான் அரைச் சாக்கு நிரப்புகிறேன். மிச்சம் காலியாக இருந்தால்தான் சாக்கு கிழியாது. அதற்குத்தான் பெரிய சாக்கு வாங்கினேன்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை கைதட்டிக் கலைந்திருப்பார்கள். அவரால் நிறுத்த முடியாது. ஏழரைக்கு லைன் எதனால் விழுகிறது என்று இன்னும் யாரும் அளக்கவில்லையே. பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்தார். ஒயரை வெட்டாமலே சுற்றிலும் கவ்விப் பிடித்து எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டர், நண்டுக் கொடுக்குபோல் இருக்கும். பொது லைனிலிருந்து ஒவ்வொரு ஒயராகக் கவ்விக்கொண்டே போனார். விளக்கு ஒன்றுமில்லை. மோட்டார் ஓரளவு. தூணுக்குப் பின்னால் போன ஒரு தடித்த ஒயரைக் கவ்வியதும் எண் பதினான்கு ஆம்பியருக்குத் தாவியது. அந்த ஒயரின் மறுமுனை செக்ரட்டரியின் புது எலக்ட்ரிக் காரில் சொருகியிருந்தது.

"மூவாயிரத்து இருநூறு வாட்" என்றார், எந்த உணர்ச்சியும் இல்லாமல், ஆலையில் சொல்கிற குரலில். "சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் சொருகுவீர்கள் போல. அப்போதுதான் தண்ணீர் மோட்டாரும் ஓடும், லிஃப்டும் ஓடும்."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, "அது இன்றைய அஜெண்டாவில் இல்லை" என்றார்.

தலையாட்டினார்கள்! அளந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும், படித்தவர்கள், ஒவ்வொருவரும் மாதம் பூரா எண்களோடு மாரடிக்கிறவர்கள், ஆமாம் அஜெண்டாவில் இல்லைதான் என்று தலையாட்டினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இருபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இதில் யார் அளந்தது?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்து, போர்வையைச் சுற்றி, வண்டியில் ஏற்றினார். என் எக்ஸ்டென்ஷன் ஒயரை மடிப்பு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, என்னைத் தாண்டி வந்து என் மனைவியின் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் லிஃப்டைப் பற்றி, பேனாவைப் பற்றி, யோசிக்க நேரமில்லாததைப் பற்றி என்னென்னவோ உளறினேன். முழுக்கக் கேட்டார்.

"உங்க பழைய டப்பா ஞாபகம் இருக்கா? இனாமா வந்துச்சே, தங்க எழுத்து போட்டு?"

"இருக்குங்க."

"உங்களப் பக்கா அறுநூறுன்னுதான் நெனச்சேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை சங்க அலுவலகத்துக்குப் போய், கடிதத்தின் நகலில் ஏழாம் கையெழுத்தை அடித்து, அளக்காமல் போட்டது, திரும்பப் பெறுகிறேன், என் வீட்டிலும் எழுநூற்றைம்பது வாட் பெட்டி இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று எழுதித் தேதி போட்டேன். "உங்களுக்கு எதற்கு சார் இந்த வம்பு" என்றார் செக்ரட்டரி. மஸ்கட்டுக்கும் எழுதினேன், நானூற்று முப்பது, பதினான்கு ஆம்பியர், எல்லாவற்றையும் போட்டோவோடு. ஐந்தாம் மாடிக்காரர் ஒருவரும் தன் கையெழுத்தை எடுத்துக்கொண்டார். மற்ற இருபத்தொன்றும் அப்படியே இருந்தன. நாலு நாள் கழித்து வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது: தவறான தகவல், அவர் தாராளமாகத் தொடர்ந்து இருக்கலாம்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவர் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் அனுப்பியிருக்கார். போறேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் மேடம்? நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே!"

"அரே, என்ன ஜெயிச்சேன்? ஃப்ரிட்ஜ அளக்கலாம், மிக்ஸிய அளக்கலாம். நான் என் வீட்டுல குடியிருக்கறதுக்கு, பார்க்கிங்ல எல்லார் முன்னாடியும் என்னையே வெச்சு அளந்து காமிக்கணுமா? பாஸ்னு ஸ்டிக்கர் ஒட்டினாதான் இருக்கலாமா? அந்த ஸ்டிக்கர் எனக்கு வேண்டாம்."

இப்படிச் சொன்னாரே தவிர, சீக்கிரம் போய்விடவும் இல்லை. மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பத்தொன்பது நாளும் இருந்தார். கறுப்பு டேப்பில் கொட்டை எழுத்தில் 430 என்று எழுதி வாசல் கதவில், பெயர்ப்பலகைக்குப் பதிலாக ஒட்டினார். லிஃப்டிலிருந்து யார் இறங்கினாலும் அதுதான் முதலில் கண்ணில் படும். வியாழக்கிழமைகளில் ஸ்பீக்கரை முன்னைவிட ஏற்றி வைத்தார். "மார் ரே மார்!" இரண்டு மாடி கேட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் லிஃப்டில் அவரோடு ஏறினால் நட்ட நடுவில் நின்றுகொண்டு, தகட்டைப் பார்த்து, "எட்டுப் பேரா? யார் அளந்தது?" என்று கேட்பார். சிலர் மாடிப்படியில் ஏற ஆரம்பித்தார்கள்.

கடைசி நாள் காலை சாமான் வண்டி வந்தது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு கையில் ஒரே ஒரு அட்டைப்பெட்டியோடு இறங்கி வந்தார். காலிப்பெட்டி. 850W. அதைக் கொண்டுபோய் செக்ரட்டரியின் காரின் மேல், முன்கண்ணாடிக்கு நேராக வைத்தார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த செக்ரட்டரி இது என்ன என்றார்.

"எண்ணூற்றைம்பது வாட். இதைத்தானே தேடினீர்கள்? முழுக்க உங்களுக்குத்தான்."

என் மனைவி ஹோவென்று சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு, "ஃப்ரிட்ஜ் பின்னாடி தூசி தட்டுங்க, நாலு ஸ்டார் வரும்" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உருட்டியபோது நான் பக்கத்தில் போனேன்.

"கையெழுத்த அடிச்சுட்டேனுங்க."

"தெரியும். எழுதினதயும் படிச்சேன்."

"இப்ப நான் எவ்வளவுங்க?"

கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"இனிமே நீங்களே அளந்துக்கோங்க, கோயமுத்தூர்."

எங்கே போனார் என்று சரியாகத் தெரியாது. பழைய மும்பை நெடுஞ்சாலைப் பக்கம் எங்கோ இருக்கிறார் என்று கேள்வி. என் கம்ப்யூட்டரின் மேல் 410 இன்னும் ஒட்டியிருக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் உரிந்து. எதிர்வீட்டுக்கு இரண்டு பெண்கள் குடிவந்தார்கள், கராடியில் ஏதோ கம்பெனியில் வேலை, வேளை கெட்ட வேளையில் போய் வருகிற வேலை. போன வாரம் லிஃப்டில் செக்ரட்டரி ஏறினார். அதே செக்ரட்டரிதான். கையில் ஒரு கடிதம். "அந்த வீட்டுக்கு யார் யாரோ வந்து போகிறார்களாம், எல்லா ஓனரும் போடுகிறார்கள்" என்று பேனாவை நீட்டினார். கீழே ஒன்பது கையெழுத்து இருந்தது.

"யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

"அதாவது, எல்லோரும் சொல்கிறார்கள்..."

"யார் பார்த்தது?"

நான்காம் மாடி வந்தது. கதவு திறந்தது. எதிரே அந்த வீட்டு வாசல் தெரிந்தது. செக்ரட்டரி நான் இறங்கக் காத்திருந்தார். நான் இறங்காமல் கதவை மூடுகிற பொத்தானை அழுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.